கொம்புக்கு அவர், காலுக்கு நான்

1. ஸ்கூட்டர் கண்ணாடி

வேலைக்குச் சேர்ந்த அன்று நான் எறிந்த முதல் கயிறு மாட்டின் மேல் விழவில்லை. சுகாதார ஆய்வாளர் மேடத்தின் ஸ்கூட்டர் கண்ணாடியில் போய் மாட்டிக்கொண்டது. நான் வேறு பதற்றத்தில் கயிற்றைச் சுண்டி இழுத்துவிட்டேன். கண்ணாடி கழன்று என் காலடியில் வந்து விழுந்தது.

இடம் செங்கல்பட்டு காய்கறி மார்க்கெட். காலை ஒன்பது மணி. ஒரு செவலைக் காளை முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு யாரையும் கிட்டே விடாமல் தின்றுகொண்டிருந்தது. ரோட்டில் திரியும் மாடுகளைப் பிடித்துப் பட்டியில் சேர்க்கும் ஒப்பந்தக் குழுவுக்கு அன்று புதிதாக இரண்டு பேர் வந்திருந்தோம். ஒருவன் நான், பலராமன். செய்யூர் பக்கம் வேர்க்கடலைக் காட்டில் வளர்ந்தவன். ஒப்பந்தக்காரர் என்னிடம் "மாடு பழக்கமா?" என்று மட்டும்தான் கேட்டார். "பொறந்ததுலேந்தே பழக்கம்" என்றேன். கயிறு எறியத் தெரியுமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்னொருவர் காதர் பாய். புதுப்பட்டினத்துக்காரர். படகுக் கயிறு விற்கும் குடும்பக் கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தவர். ஆடும் படகில் நின்றுகொண்டு கரையில் இருக்கும் முளைக்குக் கயிறு வீசிப் பழகிய கை அது. என் கயிறு ஸ்கூட்டரில் விழுந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோதே அவர் கயிறு தலைக்கு மேல் ஒரு சுழற்று சுழன்று, இருபது அடி தள்ளியிருந்த காளையின் இரண்டு கொம்பையும் வளைத்துக்கொண்டது. மார்க்கெட்டே விசிலடித்தது.

ஆனால் பிடித்த பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. படகு ஓடாது, காளை ஓடியது. நசுங்கிய தக்காளியின் மேல் பாய் வழுக்கிக்கொண்டே போனார்.

"யாராவது புடிங்கடா! இது நிக்க மாட்டேங்குது!"

எனக்கு மாடு தெரியும். தலையை ஒரு பக்கம் இழுத்தால் பின்பக்கம் மறுபக்கம் வீசும். வீசும்போது பின்னங்கால் இரண்டும் ஒரு நொடி சேர்ந்து வரும். அந்த நொடியில் என் சுருக்கை அந்தக் கால்களுக்கு முன்னால் தரையில் போட்டேன். காளை தானாகவே உள்ளே மிதித்தது. இழுத்தேன். முன்னால் பாய், பின்னால் நான், நடுவில் கம்பியில் காயப்போட்ட துணி மாதிரி காளை நின்றது. லாரி டிரைவர் தேவராஜ் ஓடி வந்து கழுத்தில் தும்புக் கயிறு மாட்டினான்.

மேடம் கழன்ற கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இனிமே நீங்க கொம்புக்கு, நீங்க காலுக்கு. மாத்திக்காதீங்க. என் வண்டி நிக்குற பக்கம் மட்டும் யாரும் எறியாதீங்க."

அப்படித்தான் நாங்கள் ஜோடியானோம்.

2. சவுக்குத் தோப்பு

பிடிப்பது அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது என்று பாய்தான் சொன்னார். வேலை இல்லாத நாட்களில் சதுரங்கப்பட்டினம் கடற்கரைச் சவுக்குத் தோப்புக்கு என்னைக் கூட்டிப்போவார். உடைந்த சிமென்ட் பெஞ்சு ஒன்றில் பழைய சைக்கிள் ஹாண்டில்பாரைக் கட்டிவைத்தார். அதுதான் கொம்பு. நூறு எறி எறிவார். தொண்ணூறு விழுந்தாலும் முகம் சுளிப்பார்.

காலுக்குப் பழக என்ன செய்வது? பெஞ்சு நடக்காதே. பாயே எனக்கு முன்னால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பார். நான் பின்னாலிருந்து அவர் காலுக்கு வீச வேண்டும். விழுந்தால் இழுக்க வேண்டும். இழுத்தால் அவர் மணலில் குப்புற விழுவார்.

"டேய், மெதுவா இழுடா! மாட்டுக்கு நாலு காலு, எனக்கு ரெண்டுதான் கீது!"

மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்ப்பார்கள்.

கயிறும் அவர் தயாரிப்புதான். புதுக் கயிற்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு சவுக்குக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிக் காயவைப்பார். அப்போதுதான் சுருக்கின் வாய் காற்றில் மூடாமல் நிற்கும். கொம்பில் விழுந்ததும் கயிற்றைக் கையால் பிடித்து நிறுத்த எந்த மனிதனாலும் முடியாது. பக்கத்தில் இருக்கும் மரத்திலோ கம்பத்திலோ இரண்டு சுற்று போட வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'சுத்து'. சுத்து போடும்போது கட்டை விரல் மேலே பார்த்து நிற்க வேண்டும். கயிற்றுக்கும் கம்பத்துக்கும் நடுவே விரல் போனால், விரல் கிடையாது. இது பாய் எனக்குச் சொன்னது. ஒரு முறை அல்ல, ஓராயிரம் முறை.

3. எருமையும் சாம்பாரும்

பதினோரு வருடம் இப்படியே ஓடியது. அந்த வேலையின் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? காலையில் போன் அடித்தால் எந்த ஊர், என்ன மாடு, எந்த மாதிரி இடம், ஒன்றும் தெரியாது. திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்திக்குள் எருமை நுழைந்துவிட்டது. பாய் சாம்பார் வாளியைத் தாண்டி கொம்புக்கு வீச, நான் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டே காலைப் பிடித்தேன். தூணில் சுத்து போட்டோம். எருமையை வெளியே கூட்டிப்போனதும் மாப்பிள்ளை வீட்டார் எங்களை உட்காரவைத்து இலை போட்டார்கள்.

பாய் கயிற்றைச் சுழற்றும்போது அதன் ஓசையிலேயே எனக்குத் தெரிந்துவிடும், இது விழும், இது விழாது என்று. விழும் ஓசை கேட்டால் என் கால் தானாக ஓட ஆரம்பிக்கும். இரண்டு கயிறும் ஒரே மூச்சில் விழுந்து, அரை டன் மிருகம் யாருக்கும் கீறல் இல்லாமல், தனக்கும் கீறல் இல்லாமல், அப்படியே நிற்கும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கும். வேறு எந்த வேலையிலும் அது கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

4. மாமல்லபுரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரத்தில் விடுமுறைக் கூட்டம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் ஒரு கறுப்புக் காளை இளநீர் வண்டியைக் கவிழ்த்துவிட்டு மிரண்டு நின்றது. சுற்றிலும் நூறு பேர். நூறு பேர் கையிலும் போன். எல்லாம் எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

பாயின் கயிறு சரியாகக் கொம்பில் விழுந்தது. ஓடிப்போய் மின்கம்பத்தில் இரண்டு சுத்து போட்டார். "பலராமா, காலு!" என்று கத்தினார்.

இதை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது. அந்த நொடியில் நான் காளையின் காலைப் பார்க்கவில்லை. போன்களைப் பார்த்தேன். நான் எறிவது நன்றாகத் தெரியும்படி லேசாகத் திரும்பி, கையை உயர்த்தி, அழகாக வீசினேன். கயிறு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

பின்னங்கால் பிடிபடாத காளை திரும்பி கம்பத்தை நோக்கியே ஓடி வந்தது. கயிறு தொய்ந்தது. தொய்வை எடுக்கப் பாய் மூன்றாவது சுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் காளை மறுபக்கம் பாய்ந்தது. கயிறு விறைத்த சத்தம் கேட்டது. பாய் கத்தவில்லை. இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மறுபடி எறிந்து காலைப் பிடித்தேன். தேவராஜ் தும்பு மாட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகுதான் கம்பத்துக்குக் கீழே பாய் உட்கார்ந்திருப்பதையும், தோள் துண்டை வலது கையில் சுற்றியிருப்பதையும், துண்டு சிவந்துகொண்டே வருவதையும் பார்த்தேன்.

"பாய்!"

"மாட்ட ஏத்துங்கடா மொதல்ல. மறுபடி ஓடிடப் போவுது."

வலது கைக் கட்டை விரலைச் சேர்த்துத் தைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

5. மூன்று மாதம்

எப்படி நடந்தது என்று மேடம் கேட்டார். "மாடு சட்டுனு திரும்பிடுச்சு மேடம்" என்றேன். ஒப்பந்தக்காரர் கேட்டார். அதையே சொன்னேன். அது பொய்யும் இல்லை. ஏன் திரும்பியது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு புதுப்பட்டினம் போனேன். பாய் தெருவுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு டீ குடித்தேன். எழுந்து தெருவுக்குள் போகக் கால் வரவில்லை. பழத்தோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பிறகு போகவே இல்லை.

பாய்க்குப் பதிலாக வந்த இருவரும் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. அவர்கள் எறிந்தால் விழவில்லை. விழுந்தாலும் நான் காலைத் தவறவிட்டேன். மூன்று மாடுகள் தப்பித்து நெடுஞ்சாலையில் ஓடின. மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "குழுவைக் கலைச்சிடலாம்னு பேச்சு நடக்குது பலராமன். நான் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருக்கேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அந்த வாரமே ஒரு காலையில் செய்யூரில் எங்கள் கடலைக் காட்டு வரப்பில் ஒரு ஆள் நடந்து வருவது தெரிந்தது. இடது தோளில் கயிறு.

"நாஸ்தா ஆச்சாடா?" என்றார் காதர் பாய், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவர்போல.

அவர் வரப்பிலேயே உட்கார்ந்து வலது கையை விரித்துக் காட்டினார். நான்கு விரல்.

"இந்தக் கையால இனிமே சுத்து போட முடியாது. கட்டை விரலு இல்லாம கயிறு நிக்காது. ஆனா காலுக்குச் சுத்து வேணாம்ல? வுட்டு இழுத்தாப் போதும். அதான் யோசிச்சேன். நீ கொம்புக்குப் போ. நான் எடது கையால காலுக்கு வரேன்."

"எனக்குக் கொம்பு வராது பாய். ஸ்கூட்டர் கண்ணாடி மறந்துபோச்சா?"

"எனக்கு எடது கையே வராது. ரெண்டு பேருக்கும் வராததத்தான் மச்சான் பண்ணப் போறோம். எழுந்திரு."

மறுபடியும் சவுக்குத் தோப்பு. பெஞ்சில் ஹாண்டில்பார் துருப்பிடித்திருந்தது. இந்த முறை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தவன் நான். இடது கையால் அவர் வீசிய கயிறு முதல் வாரம் என் முதுகில் விழுந்தது, இரண்டாம் வாரம் கழுத்தில், ஒரு மாதம் கழித்து இடுப்பில். மெல்ல மெல்ல இறங்கி வந்தது. முதல் முறை என் இரண்டு காலையும் பிடித்து இழுத்தபோது நான் வாய் நிறைய மணலோடு விழுந்தேன். பாய் தோப்பே அதிரக் கத்தினார். நானும் விழுந்தபடியே கத்தினேன்.

6. பாலாற்றுப் பாலம்

அது மழைக்காலம். பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. காலை ஏழரை மணிக்கு, நாங்கள் பட்டியில் இருந்தபோது, மேடம் போன்.

"கிழக்குக் கடற்கரைச் சாலைல பாலாத்துப் பாலம். நடுவுல ஒரு காளை. பைக்கைக் குத்திச் சாய்ச்சிருக்கு. ஒரு பஸ் குறுக்கா நின்னுடுச்சு. ரெண்டு பக்கமும் வண்டி நகரல. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் மாட்டிக்கிட்டிருக்கு. உள்ள பிரசவ வலியில ஒரு பொண்ணு. வேற யாரையும் கூப்பிட நேரமில்லை. நீங்க ரெடியா?"

ரெடி இல்லை. பெஞ்சுதான் பிடித்திருக்கிறேன். உயிருள்ள கொம்பு ஒன்றுகூடப் பிடித்ததில்லை. பாயைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே லாரியில் ஏறியிருந்தார்.

பாலத்தின் முனையிலேயே லாரி நின்றுவிட்டது. கார்களுக்கும் அணுமின் நிலைய ஆபீஸ் பஸ்களுக்கும் நடுவே மூவரும் ஓடினோம். கண்ணாடிகளை இறக்கி ஆட்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். நடுப்பாலத்தில் கொஞ்சம் வெற்றிடம். அதில் வெள்ளைக் காளை, வாயில் நுரை. கீழே ஒரு பைக். அதைத் தூக்க இறங்கிய இரண்டு பேரையும் அது விரட்டியிருந்தது. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸின் நீல விளக்கு சுழன்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"அண்ணாத்த, எதுனா பண்ணு! உள்ள அந்தப் பொண்ணு கத்திகினு கீது!"

காளை கைப்பிடிச் சுவருக்குத் திரும்பி, முன்னங்காலை நடைபாதைத் திட்டில் தூக்கி வைத்தது. கீழே செம்மண் நிறத்தில் வெள்ளம். குதித்துவிடும்போல இருந்தது. என் கயிறு கொம்பில் விழுந்த பிறகு குதித்தால் கழுத்து முறிந்து தொங்கும். விழாமலே குதித்தால் ஆற்றோடு போகும். இரண்டையும் நினைத்துக்கொண்டே எறிந்தேன். சுருக்கு ஒரு கொம்பின் நுனியில் பட்டு நழுவி விழுந்தது.

காளை என்னை நோக்கித் திரும்பியது. பின்னாலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"இன்னொண்ணு."

கோபம் இல்லை, அவசரம் இல்லை. சவுக்குத் தோப்பில் சொல்வதுபோல. கயிற்றை இழுத்து மறுபடி வளைத்துச் சுழற்றினேன். முதல் முறையாக என் கயிற்றில் அந்த ஓசையைக் கேட்டேன். விழும் ஓசை. விட்டேன். இரண்டு கொம்பும் உள்ளே.

கைப்பிடிச் சுவரின் சிமென்ட் தூணுக்கு ஓடினேன். ஒரு சுத்து. கட்டை விரல் மேலே. இரண்டாவது சுத்து. காளை முழு பலத்தோடு இழுத்தது, தூண் பிடித்துக்கொண்டது. தலை திரும்பியது, பின்பக்கம் வீசியது. "பாய், காலு!" என்று கத்தினேன். அந்தச் சொல்லை அதுவரை நான் கேட்டிருக்கிறேனே தவிரச் சொன்னதில்லை.

பாய் எறியவில்லை. காளை ஒரு முறை உதைத்தது. அப்போதும் எறியவில்லை. இரண்டாம் முறை உதைத்துக் கால் கீழே வந்தபோது, இடது கை தாழ்வாக ஒரு வீச்சு. சுருக்கு தரையில் நிமிர்ந்து நின்றது. இரண்டு காலும் அதற்குள் இறங்கின. அவர் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னால் சாய்ந்தார். காளை நின்றது.

தேவராஜ் தும்பு மாட்டினான். பத்து பேர் இறங்கிப் பைக்கை ஓரமாக இழுத்தார்கள். பஸ் நேரானது. நாங்கள் காளையைச் சுவரோரமாக ஒட்டிப் பிடித்துக்கொள்ள, ஒரு முழ இடைவெளியில் ஆம்புலன்ஸ் கடந்து போனது. பாலம் முழுக்க ஹாரனும் கைதட்டலும். யார் படம் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை, எனக்குத் தெரியாது. நான் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு மேடம் போனில் சொன்னார்: "ஆஸ்பத்திரி போய்ச் சேந்தாச்சு. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." தேவராஜ் லாரி ஹாரனை விடாமல் அடித்தான். பட்டிக்குப் போய்ச் சேரும்வரை அடித்தான்.

7. டீக்கடையில்

மாட்டை இறக்கிவிட்டுப் புதுப்பட்டினத்தில் டீ குடித்தோம். பாய் இடது கையால் கிளாஸைப் பிடித்திருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"பாய், மாமல்லபுரத்துல மாடு சும்மா திரும்பல. நான் கால பாக்கல. போனப் பாத்துகினு எறிஞ்சேன். தப்பு என்னுது."

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"தெரியும்டா."

"யாரு சொன்னது?"

"கயிறு புடிச்சிகினு நின்ன கைக்குத் தெரியாதா இன்னா? நீ எறிஞ்சா எங்க விழும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு உன் கயிறு உன் கயிறாவே இல்ல." கிளாஸைக் கீழே வைத்தார். "கோவமாத்தான் இருந்துச்சு. நீ வந்தா ரெண்டு அறை வுடணும்னு வூட்டுலயே ஒக்காந்துனு இருந்தேன். நீ வரல. ஒரு மாசம் பாத்தேன், ரெண்டு மாசம் பாத்தேன். அப்பறம் கோவம் போயி, இவன் இன்னா ஆனான்னு பேஜாரா பூடுச்சு. அதான் நானே பஸ் ஏறி வந்தேன்."

"இப்ப அறைஞ்சிடு பாய்."

"போடா. வலது கைக்கு வெச்சிருந்த அறை அது. எடது கைல வராது."

சிரித்தோம். சிரித்து முடிக்கும் முன்பே எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்காரர் இன்னொரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் நான் கொம்புக்கும் அவர் காலுக்குமாக வேலை செய்தோம். போன வருடம் என் முழங்கால் ஓடுவதை நிறுத்திக்கொண்டது. என்னோடு சேர்ந்து அவரும் நின்றுகொண்டார். இப்போது புதிதாக வரும் ஜோடிகள் எங்களிடம் கயிற்றின் நீளம் கேட்கிறார்கள், எத்தனை சுத்து என்று கேட்கிறார்கள். எல்லாம் சொல்கிறோம். அதோடு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்.

இந்த வேலையில் எல்லோர் கயிறும் என்றாவது ஒரு நாள் தள்ளித்தான் விழும். விழுந்த அன்று மாலையே உன் ஜோடியின் வீட்டுக் கதவைத் தட்டு. திட்டுவான், அறைவான், வாங்கிக்கொள். நான் எதிர் டீக்கடை வரை போய்விட்டுத் திரும்பினேன். அந்தத் தெரு நாற்பது அடிகூட இருக்காது. என் கயிற்றின் நீளம்தான்.